புதுசா கேட்க ஆரம்பிக்கிறவங்க எதிலிருந்து தொடங்கலாம்?

 

போன கிருத்திகை அன்று ராத்திரி நம்ம குழுவில் இருக்கிற ஒரு தம்பி எனக்குத் தனியா மெசேஜ் போட்டிருந்தான். கடலூர் பக்கம், ஷிப்டு வேலை. "அண்ணா, அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து ஆறு மாசம் ஆச்சு. பேச்சு வரல. தினமும் சாயங்காலம் விளக்கேத்தி சஷ்டி கவசமும் திருப்புகழும் பாடுவாங்க. இப்ப வீடு அமைதியா இருக்கு. நான் கத்துக்கிட்டு அவங்க பக்கத்துல உட்கார்ந்து பாடணும். போன்ல தேடினா ஆயிரம் வருது. எதைக் கேட்கிறது?"

ஒரு வரியில் பதில் போட்டுவிட்டுத் தூங்கப் போயிருக்கலாம், மனசு வரவில்லை. இதே கேள்வியைப் பல பேர் கேட்டிருக்கிறீர்கள். பாட்காஸ்ட், யூடியூப், பழைய கேசட்டிலிருந்து ஏற்றின ஒலிப்பதிவு என்று எல்லாம் கொட்டிக் கிடக்கிறது. அதனால்தான் எது முதலில் என்று தெரியாமல் முழிக்கிறோம். என் அனுபவத்தில், முதலில் காதில் விழுந்தது அப்படியே ஒட்டிக்கொள்ளும். நான் ஒரு திருப்புகழை வேகமான ஒரு பதிவிலிருந்து கற்றுக்கொண்டேன். பிரிக்கக்கூடாத இடத்தில் பிரித்து, ஒரு சொல்லையே வேறு சொல்லாக்கி ஏழெட்டு வருஷம் பாடியிருக்கிறேன். சிதம்பரத்தில் ஓர் ஓதுவார் ஐயா கேட்டுவிட்டு மெதுவா, "தம்பி, அந்த வரிக்கு என்ன பொருள்?" என்றார். சொல்லத் தெரியவில்லை. அப்போதுதான் தப்பு புரிந்தது. இன்றைக்கும் அந்த வரி வரும்போது நாக்கு பழைய இடத்துக்குத்தான் ஓடுது.

அதனால் நான் சொல்வதை ஒரு வரிசையாக எடுத்துக்கொள்ளுங்கள். பிடித்த பாட்டுகளின் பட்டியல் இல்லை இது.

முதலில் சூலமங்கலம் சகோதரிகள் ஜெயலட்சுமி, ராஜலட்சுமி பாடிய கந்த சஷ்டி கவசம். "இதுதான் எங்களுக்கே தெரியுமே" என்பீர்கள். தெரியும், கேட்டிருக்கிறோமா? பல் தேய்க்கும்போதும் தோசை வார்க்கும்போதும் பின்னால் ஓடிக்கொண்டிருக்கிற சத்தமாகத்தான் நமக்கு அது தெரியும். ஒரு நாள் தேவராய சுவாமிகளின் மூலப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, விரலை வரிமேல் ஓட்டியபடி கேளுங்கள். இருபது நிமிஷ சொச்சம்தான். ராகம் மாறுகிற இடங்கள் தெரியும். உடம்பின் ஒவ்வோர் உறுப்பாகச் சொல்லி வேலைக் காவலுக்குக் கூப்பிடுகிற பகுதி வரும்போது, படுக்கையில் இருக்கிறவருக்கு அதை ஏன் பாடுகிறோம் என்பது தானாக விளங்கும். அந்தச் சகோதரிகள் சொல்லை விழுங்கமாட்டார்கள். ழகரம், ளகரம், லகரம் மூன்றும் தனித்தனியாகக் காதில் விழும். கற்றுக்கொள்கிறவனுக்கு அது போதும்.

இரண்டாவது வாரியார் சுவாமிகள். பாட்காஸ்ட் என்ற சொல் வருவதற்கு முன்னாலேயே தமிழ்நாட்டுக்கு அவர்தான் பாட்காஸ்ட் என்று நான் விளையாட்டாகச் சொல்வது உண்டு. காங்கேயநல்லூரில் 1906-ல் பிறந்தவர், 1993-ல் லண்டனிலிருந்து திரும்பும் விமானத்திலேயே முருகன் திருவடி சேர்ந்தவர். அவருடைய கந்தபுராணச் சொற்பொழிவுகள் இணையத்தில் நிறைய இருக்கின்றன. ஒலி கரகரக்கும், கூட்டத்தின் சிரிப்பு நடுவில் வரும், ஏதோ குழந்தை அழும். தள்ளிவிடாதீர்கள். கதை சொல்லிக்கொண்டே வந்து சட்டென்று ஒரு திருப்புகழைப் பாடி, உடனே அதன் பொருளையும் சொல்லிவிட்டு, முன்வரிசைப் பையனிடம் ஒரு கேள்வி போடுவார். பாட்டு எந்த இடத்துக்கு எதற்காக வருகிறது என்பது அப்போதுதான் பிடிபடும். பொருள் தெரிந்து கேட்ட பாட்டை மறுபடி கேட்டால் அது வேற பாட்டு.

கடலூரிலிருந்து சிதம்பரத்துக்குப் பஸ்ஸில் போகிறவர்களுக்கு இது ரொம்பத் தோது. ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் தாண்டுவதற்குள் ஒரு சொற்பொழிவில் பாதி முடிந்துவிடும். வண்டி சத்தத்தில் பாட்டு சரியாகக் கேட்காது, பேச்சு கேட்கும். வீட்டு வைஃபையில் முதல் நாளே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் விளம்பரம் குறுக்கே பாயாது.

மூன்றாவதுதான் திருப்புகழ். இங்கே கொஞ்சம் நிற்கிறேன். நம்ம ஊருக்கும் இதற்கும் உள்ள சம்பந்தம் நம்மில் பாதிப் பேருக்குத் தெரியாது.

1871-ம் வருஷம். மஞ்சக்குப்பம் கோர்ட்டில் வ.த.சுப்பிரமணிய பிள்ளை என்ற இளைஞர் வேலை பார்க்கிறார். தில்லை தீட்சிதர்கள் சம்பந்தப்பட்ட ஒரு வழக்கு வருகிறது. தங்கள் பெருமைக்குச் சான்றாக அவர்கள் அருணகிரிநாதரின் ஒரு சிதம்பரத் திருப்புகழை எடுத்து வைக்கிறார்கள். தில்லை மூவாயிரவர் வேத முறை தவறாமல் பூசை செய்வதைச் சொல்கிற பாட்டு அது. வழக்கு என்ன ஆனதோ, அந்தப் பாட்டின் அழகு பிள்ளையவர்களைப் பிடித்துக்கொண்டது. அருணகிரியார் பதினாறாயிரம் பாடினார் என்பது வழக்கு. அன்றைக்கு அச்சில் ஒழுங்கான தொகுப்பு கிடையாது. ஏடு ஏடாக, ஊர் ஊராகத் தேடினார். மாவட்ட முன்சீப் ஆன பிறகும் அந்தத் தேடலை விடவில்லை. 1894-ல் முதல் தொகுதி, 1901-ல் இரண்டாம் தொகுதி அச்சானது. அவர் மகன் தணிகைமணி செங்கல்வராய பிள்ளை அந்த வேலையைத் தொடர்ந்து, திருப்புகழுக்கு உரையும் எழுதினார். இன்றைக்கு நம் கையில் இருப்பது ஆயிரத்து முந்நூறுக்குச் சற்று மேல்.

கோர்ட்டில் காதில் விழுந்த ஒரே ஒரு பாட்டு! மஞ்சக்குப்பம் கோர்ட் பக்கம் போகும்போதெல்லாம் எனக்கு இதுதான் ஞாபகம்.

சரி, எப்படிக் கேட்பது? கௌமாரம் என்ற இணையதளத்தில் பாட்டு, பதம் பிரித்த வடிவம், பொருள் எல்லாம் வைத்திருக்கிறார்கள். பல பாட்டுக்கு ஒலியும் உண்டு. பாட்டைத் திறந்தவுடன் மேலே தத்தன தானன என்கிற மாதிரி ஒரு வரி இருக்கும். அது சந்தக் குழிப்பு. புதியவர்கள் அதைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள். குதிக்காதீர்கள். முதலில் அதை மட்டும் தொடையில் தட்டிச் சொல்லிப் பாருங்கள், இரண்டு நாள். பாட்டின் எலும்புக்கூடு அதுதான். எங்கே நீட்டணும், எங்கே நறுக்குன்னு நிறுத்தணும் என்பதை அதுவே சொல்லிவிடும். சொல் தப்பினால் தாளம் இடிக்கும், உங்களுக்கே தெரியும். எனக்கு இதை அன்றைக்கே யாராவது சொல்லியிருந்தால் ஏழெட்டு வருஷம் தப்பாகப் பாடியிருக்கமாட்டேன்.

அடுத்து, டெல்லியில் திருப்புகழ் அன்பர்கள் அமைப்பை வளர்த்த குருஜி ஏ.எஸ்.ராகவன் அவர்களின் பதிவுகள். கச்சேரி மாதிரி இருக்காது. கூட்டாகப் பாடுவார்கள். நூற்றுக்கணக்கான பாடல்களுக்கு ராகம், தாளம் அமைத்து, சங்கீதம் தெரியாத சாதாரண ஜனங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர். கூட்டத்தோடு கூட்டமாக நாமும் சேர்ந்து பாடிவிடலாம், தப்பினாலும் யாருக்கும் கேட்காது. வாரத்துக்கு ஒரு பாட்டு போதும். நம்ம ஊர்ப் பாட்டிலிருந்து தொடங்குங்கள். சிதம்பரத்துக்கு மட்டும் அறுபதுக்கு மேல் இருக்கின்றன. திருப்பாதிரிப்புலியூர், திருவதிகை, திருமாணிக்குழி, விருத்தாசலம் இவற்றுக்கும் உண்டு. பாட்டைக் கேட்டுவிட்டு அந்தக் கோயிலுக்குப் போய் நில்லுங்கள். தில்லையில் சிவகங்கைக் குளத்தைத் தாண்டி, பாண்டியநாயகம் சந்நிதிவரை நம்மில் எத்தனை பேர் போகிறோம்? கனகசபை தரிசனம் முடிந்ததும் பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிடுகிறோம்.

டி.எம்.எஸ். பாடிய முத்தைத்தரு? 1964-ல் வந்த அருணகிரிநாதர் படத்தில் அவரே அருணகிரியாராக நடித்துப் பாடியது. கேளுங்கள், மயிர் கூச்செறியும். ஆனால் அதை வைத்துக் கற்றுக்கொள்ள முயலாதீர்கள். அந்த வேகம் அவருக்கு வரும், நமக்கு மூச்சுதான் முட்டும். நம்ம பக்கத்து ஊர்க்காரர் சீர்காழி கோவிந்தராஜனின் முருகன் பாடல்களும் அப்படித்தான். மனசு சோர்ந்த நாளில் போட்டுக் கேட்பதற்கு அவரைவிட்டால் ஆளில்லை, கற்பதற்குக் கொஞ்சம் பின்னால் வைத்துக்கொள்ளலாம்.

போனில் வேகத்தைக் கூட்டுகிற வசதி இருக்கிறதே, அதைப் பாராயணத்துக்குப் பயன்படுத்தவே கூடாது என்பது என் கட்சி. ஒன்றரை மடங்கு வேகத்தில் கவசம் ஓடவிட்டு "முடிச்சிட்டேன்" என்கிறார்கள். யாருக்காக முடித்தோம்? குறைக்கிற பக்கம் நல்லது. முக்கால் வேகத்தில் வைத்தால் சொற்கள் பிரிந்து நிற்கும். இன்னொன்று, இப்போது இயந்திரக் குரலில் திருப்புகழ், கவசம் எல்லாம் வருகிறது. படம் பளபளவென்று இருக்கும், குரல் எங்கே மூச்சு விடணும் என்று தெரியாமல் வாசிக்கும். ககரம் எங்கே மெலியும் என்று அதற்குத் தெரியாது. இதைக் கேட்டு வளர்கிற குழந்தை அப்படியே சொல்லும். பாடினவர் பெயர் போடாத பதிவை நான் யாருக்கும் அனுப்புவதில்லை. "பதினோரு பேருக்கு அனுப்பு" என்று கீழே போட்டிருந்தால் சத்தியமாக அனுப்பமாட்டேன்.

உடம்பு முடியாதவர்களுக்காகக் கேட்கிறவர்கள், பாடுகிறவர்கள், பாம்பன் சுவாமிகளின் சண்முக கவசத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1891-ல் பாடியது. உயிர் பன்னிரண்டு, மெய் பதினெட்டு என்று முப்பது எழுத்துக்கு முப்பது பாட்டு. முதல் எழுத்து வரிசையாக வருவதால் அடுத்த பாட்டு எது என்று திணற வேண்டாம். 1923-ல் சென்னையில் வண்டி மோதி சுவாமிகளுக்குக் கால் எலும்பு முறிந்தபோது, சீடர்கள் அவருக்காக ஓதியது இதைத்தான். மருத்துவமனையில் சேர்த்து வைத்தியமும் பார்த்தார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். மாத்திரையை நிறுத்திவிட்டு கவசம் மட்டும் கேட்கிறேன் என்று யாரும் கிளம்பிவிடாதீர்கள்.

அந்தத் தம்பிக்கு இதையெல்லாம் சுருக்கி மூன்று குரல் பதிவாக அனுப்பினேன். கவசத்தை எடுத்துக்கொண்டான். பத்து நாள் கழித்து அவன் பாடியதைப் பதிவு செய்து அனுப்பியிருந்தான். சுருதி அங்கே இங்கே போகுது, ஓர் இடத்தில் வரியையே விட்டுவிட்டான். பின்னால் ஏதோ டக் டக் என்று கேட்டது. என்னப்பா சத்தம் என்று கேட்டேன். "அம்மா அண்ணா. இடது கையால கட்டில் சட்டத்துல தட்டுறாங்க. நான் வரியை விட்ட இடத்துல நிறுத்திட்டாங்க. திரும்ப முதல்லேர்ந்து பாட வெச்சாங்க."

இப்போது அவன் திருப்பாதிரிப்புலியூர்த் திருப்புகழுக்கு சந்தம் தட்டிக்கொண்டிருக்கிறான். அடுத்த கிருத்திகைக்கு கந்தர் அனுபூதி ஐம்பத்தோரு பாட்டையும் எப்படிப் பிரித்துக் கேட்பது என்று எழுதுகிறேன். உங்களுக்குப் பழக்கமான நல்ல பதிவு இருந்தால், பாடினவர் பெயரோடு அனுப்புங்கள்.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!