கதவு எண்ணும் சர்வே எண்ணும்

கணிப்பொறி படிக்கும் நம் சங்கத்துப் பிள்ளைகள் என்னிடம் அடிக்கடி கேட்பதுண்டு: "மாமா, கெர்னலுக்குத்தான் எல்லா அதிகாரமும் இருக்கிறதே! நினைவகத்தின் எந்த இடத்தையும் அது நேராகத் தொடலாம் அல்லவா?" முடியாது என்பதை நான் பட்டுத்தான் அறிந்தேன்.

லினக்ஸில் ஓர் அளவீட்டு அட்டைக்கு டிரைவர் எழுதினேன். கையேட்டில் கண்ட முகவரியை அப்படியே பாயிண்டரில் இட்டுப் படிக்கச் சொன்னேன். இயந்திரம் அப்படியே நின்றுவிட்டது. அதே இயந்திரத்தில் நண்பர் ஒருவர் இரவெல்லாம் சேர்த்த அளவீடுகள், வட்டில் பதியும் முன்பே போயின. அவர் என்னைத் திட்டவில்லை. அதுதான் அதிகம் வலித்தது.

தவறு எங்கே? கையேடு தந்தது பௌதிக முகவரி. நிலத்தின் சர்வே எண் போன்றது. செயலி கேட்பதோ மெய்நிகர் முகவரி. வீட்டின் கதவு எண். சர்வே எண் எழுதிய கடிதத்தைத் தபால்காரர் எங்கே சேர்ப்பார்? பேஜிங் இயங்கத் தொடங்கியபின் கெர்னலும் கதவு எண்ணையே எழுத வேண்டும்.

எண்ணை மாற்றித் தருவது பக்க அட்டவணை. ஒரு பக்கம் 4,096 பைட். மெய்நிகர் முகவரி 5,000 என்றால், அது 1ஆம் பக்கத்தில் 904ஆம் இடம் (எண்ணிக்கை 0இல் தொடங்கும்). அட்டவணை 1ஆம் பக்கத்தைப் பௌதிகப் பக்கம் 7 என்று காட்டினால், உண்மையான இடம் 7 × 4,096 + 904 = 29,576. பக்கம் மாறும், 904 மாறாது.

32 பிட் இன்டெல் இயந்திரங்களில் லினக்ஸ் வழக்கமாக ஒரு வசதி செய்திருந்தது. நினைவகத்தின் முதல் 896 மெகாபைட்டை, 3 கிகாபைட் என்ற எல்லையிலிருந்து வரிசையாகக் காட்டியது. அப்பகுதிக்குப் பௌதிக முகவரியோடு 3 கிகாபைட்டைக் கூட்டினால் போதும். 64 பிட் லினக்ஸில் நினைவகம் முழுவதற்கும் இத்தகைய நேர்வரிசை உண்டு. தொடக்க எல்லைதான் வேறு.

ஆனால் என் அட்டை நினைவகமே அன்று. அந்த வரிசையில் அதற்கு இடமில்லை. அதற்கு 'ஐஓரீமேப்' என்ற செயற்கூற்றிடம் பௌதிக முகவரியையும் நீளத்தையும் தந்து, ஒரு மெய்நிகர் முகவரியைக் கேட்டுப் பெற வேண்டும். கிடைத்ததா என்று சோதித்து, 'ரீட்எல்' கொண்டு படித்து, வேலை முடிந்ததும் 'ஐஓஅன்மேப்' செய்துவிட வேண்டும். என் டிரைவரில் இம்மூன்றும் இல்லை.

பிள்ளைகளே, அதிகாரம் இருந்தாலும் முறைப்படி கேட்டுத்தான் நுழைய வேண்டும். இன்னொன்று: பிறர் வேலை ஓடும் இயந்திரத்தில் புது டிரைவரைச் சோதிக்காதீர்கள்.

பயிற்சி: முகவரி 10,000 எந்தப் பக்கத்தில், எந்த இடத்தில்? (விடை: 2ஆம் பக்கம், 1,808.)