பேறுகால இடுப்பு வலி: வீட்டு ஆண்கள் படிக்க வேண்டிய பாடம்



ஒரு மூட்டையைப் பார்த்த மாத்திரத்தில் அது இத்தனை கிலோ இருக்கும் என்று சொல்லிவிடக் கூடியவர்கள் நாம். ஆனால் வீட்டில் பிள்ளைத்தாய்ச்சியாக இருப்பவளின் இடுப்பு எவ்வளவு பாரம் தாங்குகிறது என்று கேட்டால் விழிப்போம். "பெண்களின் சங்கதி, உம்மாமார்கள் பார்த்துக் கொள்வார்கள்" என்று சொல்லிக் கடைக்குப் போய்விடுவோம். அப்படிப் போனவர்களில் நாமும் ஒருவர். ஆகவே இந்தப் பாடத்தை நம் தவற்றிலிருந்தே தொடங்குகிறோம். நாம் வைத்தியரல்லர். ஆஸ்பத்திரியிலும் வீட்டிலும் கற்றுக் கொண்டதை, நமக்கு விளங்கிய மட்டில் எழுதுகிறோம்.

நாம் செய்த தவறு

சில ஆண்டுகளுக்கு முன், மூன்றாவது பிள்ளைக்கு நம் வீட்டில் ஏழாவது மாதம். கீழே கடை, மேல்மாடியில் குடித்தனம். வழக்கம் போல அவள் காலையில் கல்லாவில் உட்காருவாள். மதியம் மேலே போய்ச் சமைத்து, மறுபடி இறங்கி வருவாள். ஒரு நாள், "என்னங்க, எழுந்திருக்கும் போது அடிவயிற்றுக்குக் கீழே எலும்பே பிளந்து போகிற மாதிரி இருக்கிறது" என்றாள். "முதல் இரண்டு பிள்ளைக்கும் இப்படி ஒன்றும் சொல்லவில்லையே!" என்று பதில் சொன்னோம். அதோடு விட்டுவிட்டோம்.

அதே வாரத்தில் கடைப் பையன் வெங்காய மூட்டையைத் தூக்கி முதுகு பிடித்துக் கொண்டான். அவனுக்கு இரண்டு நாள் லீவு கொடுத்து, தைலமும் வாங்கிக் கொடுத்தோம். கூலிக்கு வேலை செய்கிறவனுக்குக் கிடைத்த லீவு, கூலியில்லாமல் பத்து ஆண்டு கல்லாவில் உட்கார்ந்தவளுக்குக் கிடைக்கவில்லை. இதை அவள் வாய் திறந்து சொன்னதில்லை. ஐந்தடியில் நின்று செருப்பு மாட்ட ஒரு காலைத் தூக்க முடியாமல், சுவரைப் பிடித்துக் கொண்டு கண்ணீர் விட்டதைப் பார்த்த அன்றுதான் நமக்கே உறைத்தது.

மறுநாள் அரசாங்கக் கிளினிக்குக்கு அழைத்துப் போனோம். மிஸ்ஸி மூன்றே கேள்விகள் கேட்டார். "படுக்கையில் புரளும் போது வலிக்கிறதா? படியேறும் போது? ஒற்றைக் காலில் நிற்கும் போது?" மூன்றுக்கும் "ஆம்" என்றாள். "இதற்குப் பெயர் இருக்கிறது, சிகிச்சையும் இருக்கிறது, நீங்கள் இத்தனை நாள் பொறுத்திருக்க வேண்டியதில்லை" என்றார் மிஸ்ஸி. அந்த வார்த்தையைக் கேட்டபோது அவள் முகத்தில் வந்த தெளிவை நாம் மறக்கவில்லை.

வலி எங்கே, எதனால்?

நம் இடுப்பெலும்பு ஒரு வளையம் போன்றது. முன்பக்கம், அடிவயிற்றுக்குக் கீழே, இடது வலது எலும்புகள் இரண்டும் சேருகின்றன. பின்பக்கம், முதுகெலும்பின் அடிப்பாகத்தோடு இரு புறமும் சேருகின்றன. ஆக, மூன்று இணைப்புகள். கெட்டியான நார்கள் இவற்றை இழுத்துப் பிடித்திருக்கின்றன.

முன்பக்க இணைப்பில் சாதாரணமாக 4 அல்லது 5 மில்லிமீட்டர் இடைவெளி உண்டு. கர்ப்ப காலத்தில் நார்கள் இளகி, இது மேலும் 2 அல்லது 3 மில்லிமீட்டர் விரியும். பிள்ளை வெளிவர வழி விடுவதற்காக ஏற்படும் இயற்கையான மாற்றம் இது. சிலருக்கு மட்டும் இந்த மூன்று இணைப்புகளும் ஒரே சீராக அசைவதில்லை. ஒரு பக்கம் கூடுதலாக அசைய, மறுபக்கம் இறுகி நிற்கும். வயிற்றின் பாரம் முன்னே இழுக்க, சுற்றியுள்ள தசைகள் ஈடு கொடுக்க முடியாமல் நோகின்றன. இடைவெளி அதிகமானால் வலியும் அதிகம் என்று கணக்குப் போட முடியாது. சிறிய இடைவெளியிலும் கடும் வலி உண்டு.

ஏறக்குறைய ஐந்து கர்ப்பிணிகளில் ஒருவருக்கு இவ்வலி வருகிறது என்பது மருத்துவர்களின் கணக்கு. முன்பே முதுகு வலி உள்ளவர்கள், இடுப்பில் அடிபட்டவர்கள், முந்தின கர்ப்பத்தில் இவ்வலி கண்டவர்கள் ஆகியோருக்கு வர வாய்ப்பு அதிகம். வலி முன்னெலும்பிலோ, பின் இடுப்பிலோ, தொடையின் உட்புறத்திலோ தெரியலாம். நடக்கையில் 'களுக்' என்று சத்தமும் கேட்கலாம். இதனால் வயிற்றுப் பிள்ளைக்குக் கெடுதல் இல்லை. ஆனால் தாய்க்கு நடை போகும், தூக்கம் போகும், மனமும் சோர்ந்து போகும்.

அன்றாடம் செய்ய வேண்டியவை

மிஸ்ஸி எழுதிக் கொடுத்த கடிதத்துடன் பெரிய ஆஸ்பத்திரியின் பிசியோதெரபி பகுதிக்குப் போனோம். அங்கே கற்றவற்றைச் சுருக்கித் தருகிறோம். இவற்றுக்கெல்லாம் அடிப்படை விதி ஒன்றே: இடுப்பின் இரு பக்கமும் சமமாகப் பாரம் ஏற வேண்டும், கால்கள் அகலக் கூடாது.

1. படுக்கையில் புரளும் போது முழங்கால்கள் இரண்டையும் மடக்கி, ஒட்ட வைத்து, உடம்பு முழுவதையும் ஒன்றாகத் திருப்ப வேண்டும். ஒருக்களித்துப் படுத்து, முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணை வைத்துக் கொள்வது நல்லது.

2. காரில் ஏறும் போது முதலில் இருக்கையில் உட்கார்ந்து, பிறகு இரு கால்களையும் சேர்த்து உள்ளே திருப்ப வேண்டும். இருக்கை மேல் ஒரு பிளாஸ்டிக் பையை விரித்தால் வழுக்கித் திரும்புவது எளிது. இறங்கும் போது அப்பையை எடுத்துவிட மறக்கக் கூடாது.

3. உடை, செருப்பு எல்லாம் உட்கார்ந்து கொண்டே போட வேண்டும். ஒற்றைக் காலில் நிற்கவே கூடாது.

4. படி ஏறும் போது வலி குறைந்த காலை முதலில் வைக்க வேண்டும். இறங்கும் போது வலியுள்ள காலை முதலில் வைக்க வேண்டும். ஒவ்வொரு படியிலும் இரு கால்களும் சேர வேண்டும். ஒரு நாளில் எத்தனை முறை ஏறி இறங்குவது என்பதையே குறைக்க வேண்டும்.

5. தரையில் சம்மணமிட்டு உட்காருவது, குந்தி உட்கார்ந்து மீன் ஆய்வது, துணி துவைப்பது, கால் மேல் கால் போடுவது ஆகியவற்றை விட வேண்டும். குந்தும் கக்கூஸ் உள்ள வீடானால் உயர்ந்த இருக்கைக்கு ஏற்பாடு செய்ய வேண்டும்.

6. தண்ணீர் வாளி, கடைச் சாமான், நிறைந்த தள்ளுவண்டி எதையும் தூக்கவோ தள்ளவோ கூடாது. முந்தின பிள்ளையை இடுப்பின் ஒரு பக்கத்தில் இடுக்கிக் கொள்ளக் கூடாது. சிறிய பாரமானாலும் இரு கைகளிலும் பிரித்து எடுக்க வேண்டும்.

7. முழு ஓய்வும் வேண்டாம். வலி கூடாத அளவில் நடமாட வேண்டும். பிசியோ சொல்லித் தரும் பயிற்சிகளை நாள்தோறும் செய்ய வேண்டும். தேவையானால் இடுப்புப் பட்டியோ ஊன்றுகோலோ கொடுப்பார்கள். அதை வெட்கமாக நினைக்கக் கூடாது.

மாத்திரை பற்றி ஓர் எச்சரிக்கை. வலி மாத்திரை நம் கடை அலமாரியிலேயே தொங்குகிறது என்பதற்காக எடுத்துக் கொடுத்துவிடக் கூடாது. ஐபுபுரோஃபென் போன்றவை கர்ப்பிணிகளுக்கு ஆகாதவை; டாக்டர் சொன்னாலன்றித் தொடக் கூடாது. பாரசிட்டமோலையும் கேட்டுக் கொண்டே கொடுக்க வேண்டும்.

தொழுகையில் குனிந்து எழுவதும் இருப்பில் அமர்வதும் தாங்க முடியாமல் வலித்தால், நாற்காலியில் அமர்ந்து தொழ மார்க்கத்தில் சலுகை உண்டு. தெரியாமல் வருத்திக் கொள்ளும் பெண்கள் பலர் உளர். சந்தேகமிருந்தால் ஆலிமிடம் கேட்டுத் தெளிவு பெறலாம். கேட்டுச் சொல்வதும் ஆண்கள் பொறுப்பு.

பிரசவ வேளை

இவ்வலி உள்ளவர்களில் பெரும்பாலோர் சுகப் பிரசவமே அடைகிறார்கள். இதற்காக மட்டும் ஆபரேஷன் வேண்டியதில்லை. ஆனால் பிரசவ அறையில் இருப்பவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். முழங்கால்கள் வலியில்லாமல் எவ்வளவு தூரம் விரிகின்றன என்று வீட்டிலேயே அளந்து, கர்ப்பப் பதிவுப் புத்தகத்தில் குறித்து வைக்கச் சொல்லலாம். ஒருக்களித்துப் படுத்தோ முழந்தாளிட்டோ பிரசவிப்பது இவர்களுக்குச் சுலபமாக இருக்கலாம்.

நாற்பது நாளும் அதற்குப் பின்னும்

நம்மவர் வீடுகளில் பெரிய பிழை நடப்பது இங்கேதான். நாற்பதாம் நாள் குளிப்பு முடிந்தால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்கிறோம். மறுநாளே அவள் கல்லாவுக்கு வந்துவிட வேண்டும். சகோதரர்களே! நிஃபாஸ் என்பது தொழுகை, நோன்பு ஆகியவற்றுக்கான கணக்கு. அதிலும் இரத்தம் முன்னமே நின்றுவிட்டால் குளித்துத் தொழ வேண்டியதுதான். ஹனபி மத்ஹபில் அதன் உச்ச அளவு 40 நாள், ஷாபி மத்ஹபில் 60 நாள். இடுப்பு நார்களும் தசைகளும் கூடி வருவதற்கு அதை அளவாகக் கொள்ளலாகாது. பலருக்கு வாரக்கணக்கில் வலி விலகுகிறது. சிலருக்கு மாதக்கணக்கில் நீடிக்கிறது. நம் வீட்டில் முழுவதும் நீங்க நான்கு மாதம் ஆயிற்று.

முதல் வாரங்களில் பிள்ளையை விடப் பாரமான எதையும் தாய் தூக்கக் கூடாது. தொட்டிலும் துணி மாற்றும் இடமும் இடுப்பு உயரத்தில் இருக்க வேண்டும். முதுகுக்கு அணைப்பு வைத்து, தலையணை மேல் பிள்ளையை ஏந்திப் பால் கொடுக்க வேண்டும். பிள்ளையைக் குளிப்பாட்டக் குந்த விடாமல், அந்த வேலையை வேறொருவர் ஏற்றுக் கொள்ளலாம்.

ஆபரேஷனானாலும் சுகப் பிரசவமானாலும், உள்தசைப் பயிற்சி மிக அவசியம். சிறுநீரையும் வாயுவையும் அடக்குவது போல உள்ளே இழுத்துச் சில வினாடி பிடித்து, பிறகு விட வேண்டும். மூச்சைப் பிடிக்கக் கூடாது. இப்படிப் பத்து முறை வரை, நாளைக்கு மூன்று வேளை. சிறுநீர்க் குழாய் வைத்திருந்தால் அதை எடுத்த பிறகே தொடங்க வேண்டும். இருமும் போது சிறுநீர் கசிவதைப் பலர் வெளியே சொல்ல வெட்கப்படுகிறார்கள். இதற்கும் இப்பயிற்சி நல்ல பலன் தருகிறது.

பத்தியம், பட்டி, பிடித்து விடுதல் ஆகியவற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். பூண்டும் மிளகும் சேர்த்த குழம்பைக் குறை சொல்ல நாம் வரவில்லை. ஆனால் பால் கொடுக்கிறவளுக்குத் தண்ணீரைக் குறைப்பது தவறு. நாற்பது நாளும் படுக்கையை விட்டு எழ விடாமல் வைப்பதும் தவறு. காலில் இரத்தம் கட்டிக் கொள்ளும் ஆபத்து அதில் உண்டு. மலாய்க்காரர்களின் பெங்கோங் போன்ற வயிற்றுக் கட்டை மூச்சு முட்ட இறுக்கக் கூடாது. ஆபரேஷன் புண் இருந்தால் டாக்டரைக் கேட்காமல் கட்டக் கூடாது. நம் வீட்டுக்குப் பிடித்துவிட வந்த ஒரு மூதாட்டி, "இடுப்பைச் சேர்க்கிறேன்" என்று கால்களை அகல விரித்து அமுக்கியதில், குறைந்திருந்த வலி பத்து நாளுக்குத் திரும்பிற்று. அவர் நல்ல மனதோடுதான் செய்தார். முன்னதாகச் சொல்லி வைக்காதது நம் குற்றம்.

உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய அறிகுறிகள்

கர்ப்பத்தில் இரத்தப் போக்கு, நீர் உடைதல், விட்டு விட்டு வரும் வயிற்று வலி, காய்ச்சல், சிறுநீர் எரிச்சல், அடி எடுத்து வைக்கவே முடியாத வலி ஆகியவற்றை இடுப்பு வலி என்று எண்ணி இருந்துவிடக் கூடாது. பிரசவத்துக்குப் பின் ஒரு மணி நேரத்தில் ஒரு துணி முழுக்க நனையும் அளவு இரத்தம், ஒரு கெண்டைக்காலில் மட்டும் வீக்கமும் வலியும், மூச்சுத் திணறல், கடும் தலைவலி, தொடை நடுவில் மரத்துப் போய்ச் சிறுநீர் பிரியாமை ஆகியவையும் அப்படியே. இரண்டு வாரத்துக்கு மேல் அழுகையும் வெறுப்பும் நீடித்தால் அதுவும் ஒரு நோயே. "கொழுப்பு" என்று ஏசாமல் டாக்டரிடம் அழைத்துப் போக வேண்டும்.

முதலாளிமார்களுக்கு

மலேசியாவில் 2023 ஜனவரி 1 முதல் தொழிலாளர் சட்டப்படி பிரசவ விடுமுறை 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்துள்ளது. மணமான ஆண் ஊழியருக்கு, சட்டத்தின் நிபந்தனைகளுக்கு உட்பட்டு, மனைவியின் பிரசவத்துக்காக 7 நாள் சம்பள விடுமுறை உண்டு. நம் கடைகளில் நாள் முழுதும் நின்று விற்கும் பெண்கள் உளர். அவர்களில் ஒருத்தி கர்ப்பிணி என்றால் ஒரு நாற்காலி போடுவதற்குச் சட்டம் வேண்டியதில்லை.

வீட்டில் இருப்பவளுக்கு எந்தச் சட்டமும் லீவு எழுதவில்லை. அதை எழுத வேண்டியவர் நாமே. நம் மூன்றாவது பிள்ளைக்குப் பின் கல்லாவுக்கு நான்கு மாதம் ஆள் வைத்தோம். அந்தச் சம்பளத்தைக் கணக்குப் புத்தகத்தில் செலவுப் பக்கம் எழுதிய போது, முந்தின பத்து ஆண்டுகளுக்கும் அந்தப் பக்கம் காலியாகக் கிடந்ததைப் பார்த்தோம்.

படித்தவர் தம்மைத் தாமே கேட்க வேண்டியவை

1. நம் வீட்டுப் பெண் கடைசியாக "வலிக்கிறது" என்றபோது நாம் என்ன பதில் சொன்னோம்?

2. ஒரு நாளைக்கு அவள் எத்தனை முறை படியேறுகிறாள்? அதில் எத்தனை முறை நமக்காக?

3. பிரசவத்துக்குப் பின் நான்கு மாதம் கடையையும் வீட்டையும் பார்க்க என்ன ஏற்பாடு வைத்திருக்கிறோம்?

இக்கேள்விகளுக்கு விடை எழுதி வைத்துக் கொள்ளுங்கள். முடியுமானால் இப்பக்கத்தை வீட்டில் வாசித்துக் காட்டுங்கள். நமக்குக் காலம் கடந்து தெரிந்தது உங்களுக்கு முன்னமே தெரியட்டும். வல்ல இறைவன் நம் தாய்மார்களுக்கும் பிள்ளைகளுக்கும் பூரண சுகத்தை அருள்வானாக! ஆமீன்.