கிளிப் போடும் முன் பிள்ளையைக் கேளுங்கள்

தஞ்சை வட்டாரத்தில் புதிதாகக் கிளினிக் திறந்திருக்கும் இளம் பல் மருத்துவருக்கு,

இந்தப் பக்கத்தில் ஒரு பெண்ணுக்குக் கிளிப் போட வேண்டும் என்ற நினைப்பு வீட்டாருக்குப் பெரும்பாலும் ஜாதகம் கைமாறத் தொடங்கும்போதுதான் வரும். அதுவரை கண்ணில் படாத எத்துப்பல் திடீரென்று அவசர வியாதியாகிவிடும். எட்டாம் வகுப்பிலிருந்தே அவள் கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது யார் கணக்கிலும் வந்திருக்காது.

13, 14 வயதில் ஒரு பிள்ளை உங்கள் நாற்காலிக்கு வந்து சேர்ந்தால் நல்ல காலம். தாடை இன்னும் வளர்கிறது. கீழ்த்தாடை பின்வாங்கியிருந்தால் ட்வின் பிளாக் போன்ற கருவி பலன் தரும் வயது அது. வளர்ச்சி நின்றபின் பல் பிடுங்குவதோ, சிலருக்குத் தாடை அறுவையோ தேவைப்படலாம்.

அளப்பதற்குக் கல்லூரி சொல்லிக்கொடுத்திருக்கும். பல்வரிசைக் கோளாறுக்கு எட்வர்டு ஆங்கிள் 1899-இல் வகுத்த மூன்று வகைகள் தெரியும். பிரிட்டனில் புரூக், ஷா இருவரும் 1989-இல் வெளியிட்ட சிகிச்சைத் தேவைக் குறியீடும் தெரியும்: மேல் முன்பல் 6 மில்லிமீட்டருக்கு மேல் துருத்தினால் நான்காம் படி, 9-ஐத் தாண்டினால் ஐந்து. நல்ல அளவுகோல்தான். ஆனால் முன்பற்களுக்கு நடுவே சின்ன இடைவெளி மட்டுமே உள்ள பையன் வகுப்பில் பாடம் வாசிக்க எழுந்திருக்க மாட்டான். வரிசை முழுக்கக் கோணிய இன்னொருவன் கபடித் திடலில் வாய் நிறையச் சிரித்துக்கொண்டிருப்பான். இந்த வித்தியாசம் எந்தப் படியிலும் ஏறாது.

அதற்காகவே 2002-இல் டொரண்டோ ஆய்வாளர்கள் 11 முதல் 14 வயதுப் பிள்ளைகளிடமே கேட்கும் ஒரு கேள்வித்தாளை அமைத்தார்கள். கடந்த மூன்று மாதத்தில் வலி இருந்ததா, மெல்ல முடிந்ததா, வெட்கமாக இருந்ததா, யாராவது கிண்டல் செய்தார்களா என்று அது போகும். அச்சடித்த தாளை நீட்டாதீர்கள். பரீட்சை என்று நினைத்துக்கொள்வார்கள். பேச்சுவாக்கில் கேளுங்கள். “முறுக்கை முன்பல்லால கடிக்க வருதா? போட்டோ எடுக்கிறப்ப வாயை மூடிக்குவியா? பட்டப்பேர் ஏதும் வச்சிருக்காங்களா?” நர்ஸ் கூட இருக்கட்டும், அப்பா அம்மா கொஞ்ச நேரம் வெளியே உட்காரட்டும். அம்மா பக்கத்தில் இருந்தால் பதிலை அம்மாதான் சொல்வார்.

பட்டப்பேர் சின்ன விஷயமில்லை. 2013-இல் வெளியான ஜோர்டான் ஆய்வில் 920 பள்ளிப் பிள்ளைகளில் 47 சதவீதம் பேர் கேலிக்கும் சீண்டலுக்கும் ஆளாகியிருந்தார்கள். முதல் இலக்கு பல்தான்; உடல் எடைகூட அதற்குப் பின்னால். நம் பள்ளிகளில் ‘பல்லன்’ என்று பெயர் வாங்கியவனுக்கு இதைச் சொல்ல ஆய்வு தேவையில்லை.

ஆனாலும் கிளினிக் வாசல் பேனரில் ‘தன்னம்பிக்கை’ என்று அச்சடிக்க வேண்டாம். வேல்ஸ் நாட்டின் கார்டிஃபில் 1981-இல் பரிசோதித்த ஆயிரத்துச் சொச்சம் பிள்ளைகளில் 337 பேரை 2001-இல் மீண்டும் தேடிப் பார்த்தார்கள். சிகிச்சை எடுத்தவர்களின் பல்வரிசை சீராகியிருந்தது. மனநலத்தில் அதனால் குறிப்பிடத்தக்க மாற்றம் தெரியவில்லை. கேலிதான் பிள்ளையை வாட்டுகிறது என்றால் கம்பி போடுவதோடு வகுப்பாசிரியரின் காதிலும் விஷயம் விழ வேண்டும்.

துணிந்து சொல்லக்கூடிய காரணம் வேறு இருக்கிறது. மேல் முன்பல் 3 மில்லிமீட்டருக்கு மேல் முன்னே நின்றால் அடிபடும் வாய்ப்பு ஏறக்குறைய இரட்டிப்பு என்று 1999-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துக் கண்டார்கள். பள்ளியில் தரும் அரசு சைக்கிளில் வாய்க்கால் கரைமேல் வேகமாகப் போகும் பிள்ளையின் அப்பாவுக்கு இது உடனே புரியும்.

நாகஸ்வரம் பயிலும் பிள்ளை வந்தால் கூடுதல் கவனம் வேண்டும். ஆடுதுறைக்குப் பக்கத்தில் நாகஸ்வரம் செய்யும் நரசிங்கம்பேட்டை இருக்கிற நாட்டில் அப்படி ஒருவர் வராமலா போவார்? சீவாளியை உதடு கவ்வும்போது உட்புறம் கம்பியில் உரசிப் புண்ணாகும். மெழுகு கொடுங்கள். கச்சேரி, திருவிழாத் தேதிகளைக் கேட்டு, குருவிடமும் ஒரு வார்த்தை பேசிவிட்டு வேலையை ஆரம்பியுங்கள்.

சிகிச்சை பாதியில் நிற்பது பெரும்பாலும் பணத்தால். பெரும்பாலானவர்களுக்கு ஒன்றரை முதல் இரண்டு வருடம், மாதம் ஒருமுறை வர வேண்டும். மாதத் தவணை சம்பளக்காரர் வீட்டுக்குத்தான் சரிப்படும். சம்பா அறுத்து, கொள்முதல் நிலையத்தில் நெல் போட்டு, பணம் கணக்கில் ஏறும் வரை விவசாயி கையில் காசு கிடையாது. பெரிய தவணையை மாசி, பங்குனிக்கும், குறுவை கண்டவருக்கு ஐப்பசிக்கும் தள்ளிவையுங்கள். கூலிக்காரர் வீட்டுக்கு அதுவும் தாங்காது என்றால் சிதம்பரத்தில் முன்பு ராஜா முத்தையா பெயரில் இருந்த அரசு பல் மருத்துவக் கல்லூரிக்கோ, புதுக்கோட்டையில் 2023-இல் திறந்த அரசு பல் மருத்துவக் கல்லூரிக்கோ எழுதிக்கொடுங்கள். எந்தக் கிழமை வரலாம் என்று முதலில் போனில் விசாரித்துவிடுங்கள். சிதம்பரத்துக்குக் கும்பகோணம், மயிலாடுதுறை வழியாக ரயில் உண்டு. ரயில் நேரத்தையும் நீங்கள் எழுதிக்கொடுக்கும் சீட்டின் பின்பக்கம் குறித்துக் கொடுங்கள், ஒருநாள் கூலியை விட்டுவிட்டுத்தான் அவர்கள் கிளம்ப வேண்டும்.