செயலியைக் குளிர்விக்கும் நீர்

கணினியின் செயலி விரைந்து இயங்குந்தோறும் வெப்பம் மிகும். 2000ஆம் ஆண்டையொட்டி வெளிவந்த ஆத்லான் செயலிகளுள் சில, விரல்நக அளவேயான சில்லில் 70 வாட் வரை வெப்பத்தை உமிழ்ந்தன. மின்விசிறியின் இரைச்சலால் சலிப்புற்ற ஆர்வலர்கள், வீட்டிலேயே நீர்க்கட்டை செய்யத் தலைப்பட்டனர்.

செம்புக் கட்டியைக் குடைந்து நீர்வழி அமைப்பதே அதன் அடிப்படை. செம்பு, அலுமினியத்தினும் ஒன்றரை மடங்குக்கு மேல் வெப்பங்கடத்த வல்லது. வழி அகன்றிருந்தால் நீர் மெல்ல நழுவிச் செல்லும்; குறுகினால் விரைந்து சுழித்து, சுவரின் வெப்பத்தை மிகுதியாகக் கவரும். மிகக் குறுகிவிட்டாலோ, மீன்தொட்டியின் சிறு மோட்டார் நீரைத் தள்ள இயலாமல் திணறும். ஒரே சுற்றில் செம்பையும் அலுமினியத்தையும் சேர்ப்பது பிழை, அலுமினியம் அரிக்கப்படும்.

பொருத்துதல் இன்னும் நுட்பமானது. அச்செயலிகளின் சில்லுக்கு மேல்மூடி இல்லை. ஒருபக்கத் திருகை மட்டும் முதலில் இறுக்கினால் கட்டை சாயும். சில்லின் விளிம்பு உடையும். பெருவிலை கொடுத்து வாங்கிய செயலி நொடியில் பாழாகும். ஆகவே, அடிப்பரப்பை நுண்ணிய உப்புத்தாளால் தேய்த்துச் சமமாக்கி, வெப்பப்பசையை மெல்லிதாகத் தடவி, எதிரெதிர்த் திருகுகளைச் சிறிது சிறிதாக மாறிமாறி முறுக்கினர். அதற்கு முன்பே, கணினிக்கு வெளியே ஓரிரவு முழுதும் கட்டையில் நீரோடவிட்டு, அடியில் விரித்த தாளில் ஈரம் படிந்துள்ளதா என நோக்கினர்.