வழக்காடிய மன்னர்

1899ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் சுவாசிலாந்து மன்னர் ஐந்தாம் இங்வானே இளம் வயதிலேயே மறைந்தார். அவருடைய மகனுக்கு அப்போது ஐந்து மாதம்கூட நிரம்பவில்லை. அந்தக் கைக்குழந்தையே அடுத்த மன்னர் என முடிவாயிற்று. இரண்டாம் சோபுசா என்று வரலாறு அறிந்த அவர், 82 ஆண்டுகளுக்கு மேல் மன்னராக இருந்தார். உறுதியான சான்றுகளோடு பதிவான ஆட்சிக்காலங்களுள் இதுவே மிக நீண்டது.

இன்று எசுவாத்தினி எனப்படும் சுவாசிலாந்து, பகாங் மாநிலத்தில் ஏறக்குறைய பாதிப் பரப்பே கொண்ட சிறிய நாடு. அந்தச் சிறு நிலமும் அதன் மக்கள் கையில் இல்லை. சோபுசாவின் தாத்தா இம்பாண்ட்சேனி, வெள்ளையர்க்கு மேய்ச்சல் உரிமை, கனிம உரிமை எனக் கேட்டவற்றையெல்லாம் எழுதிக் கொடுத்திருந்தார். ஒரே நிலத்தின் மீது பலருக்கு உரிமை இருந்தது. அரசரின் சொந்த வருமானத்தை வசூலிக்கும் உரிமைகூட விலைபோயிருந்தது. பின்னர் நாட்டை ஆளவந்த பிரிட்டிஷார், 1907இல் நிலத்தைப் பங்கிட்டனர். மண்ணின் மக்களுக்குக் கிடைத்தது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான்.

பேரன் வளரும்வரை நாட்டை வழிநடத்தியவர் பாட்டியார் லபோட்சிபேனி. வெள்ளையரின் வலிமை பணத்திலும் புத்தகத்திலும் அடங்கியிருக்கிறது என்பது அவருடைய கணிப்பு. எனவே, சொம்போட்சேயில் ஒரு பள்ளியை நிறுவிப் பேரனைப் படிக்க வைத்தார்; பிறகு தென்னாப்பிரிக்காவின் லவ்டேல் கல்வி நிலையத்துக்கும் அனுப்பினார். இழந்த நிலத்தை விலைகொடுத்து மீட்கப் பணம் வேண்டுமே! அதற்காக இளைஞர்களைத் திரான்சுவால் சுரங்கங்களுக்கு வேலைக்குப் போகுமாறு தூண்டினார். சோபுசாவின் வெற்றிகளுக்கு அடித்தளம் இட்டவர் இந்த மூதாட்டியே எனலாம்.

1921இல் முடிசூடிய சோபுசா வாளை எடுக்கவில்லை, வழக்கறிஞரை அமர்த்தினார். பிக்சிலி செமே என்னும் அவ்வழக்கறிஞர், பின்னாளில் ஆப்பிரிக்கத் தேசிய காங்கிரசு என அழைக்கப்பட்ட இயக்கத்தை உருவாக்கியவர்களுள் ஒருவர். 1922ஆம் ஆண்டின் இறுதியில் மன்னர் குழுவினருடன் இலண்டனுக்குப் புறப்பட்டார். முறையீட்டால் பயன் விளையவில்லை. நீதிமன்றத்தில் அவர் தொடுத்த வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில்வரை சென்றது. முடியரசின் ஆணையை நீதிமன்றம் கேள்வி கேட்க இயலாது என 1926இல் தீர்ப்பாயிற்று. அத்தீர்ப்பைக் காண லபோட்சிபேனி உயிரோடு இல்லை.

வழக்கில் தோற்ற மன்னர் வேறு வழி தேடினார். மக்களிடமிருந்து மாடுகளைத் திரட்டி விற்று, அந்தப் பணத்தில் நிலம் வாங்கும் நிதியம் ஒன்று 1940களில் தொடங்கப்பட்டது. பண்ணை பண்ணையாக நிலம் திரும்பியது. 1968 செப்டம்பர் 6ஆம் நாள் நாடு விடுதலை பெற்றபோது, பாதிக்கும் மேற்பட்ட நிலம் மக்களிடம் இருந்தது. ஒரு தலைமுறை முழுவதும் நீடித்த பொறுமைக்குக் கிடைத்த பயன் அது.

விடுதலை பெற்ற நாட்டுக்கு பிரிட்டிஷ் பாணியில் அரசியலமைப்புச் சட்டமும் நாடாளுமன்றமும் அமைந்தன. மன்னரை ஆதரித்த கட்சியே எல்லா இடங்களையும் வென்றிருந்தது. 1972 தேர்தலில்தான் எதிர்க்கட்சி ஒன்று 24 இடங்களில் மூன்றைப் பிடித்தது. மூன்றே இடங்கள்! ஆயினும், அரசாங்கத்தால் அதைப் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. வென்றவர்களுள் ஒருவரான இங்வெனியா இந்நாட்டுக் குடிமகன் அல்லர் எனக் கூறி அவரை நாடு கடத்தியது. அவர் நீதிமன்றத்தை நாடினார், வென்றார். அரசாங்கம் அவருக்காகவே சட்டத்தைத் திருத்தியது. அந்தத் திருத்தம் செல்லாது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 1973 மார்ச்சு மாதத்தில் அறிவித்தது.

நிலத்துக்காக இலண்டன்வரை வழக்காடிய மன்னர் இம்முறை மேல்முறையீடு எதையும் நாடவில்லை. ஏப்ரல் 12ஆம் நாள் அரசியலமைப்புச் சட்டத்தையே நீக்கினார். கட்சிகளைத் தடை செய்தார். சட்டமியற்றுதல், ஆட்சி, நீதி ஆகிய மூன்று அதிகாரங்களையும் தம் கையில் எடுத்துக்கொண்டார். ஒருவரை விசாரணையின்றி அறுபது நாள் காவலில் வைக்கவும் வழி செய்யப்பட்டது. அந்நியர் தந்த சட்டம் எம் மரபுக்குப் பொருந்தவில்லை என்பது அவர் கூறிய காரணம். அதில் ஓரளவு உண்மை இருக்கலாம். ஆனால், அந்தச் சட்டம் மூன்று உறுப்பினர்களுக்குப் பாதுகாப்பு அளித்தவுடன்தான் அது பொருந்தாமல் போயிற்று என்பதையும் மறக்க இயலாது.

1982 ஆகஸ்டு 21ஆம் நாள் சோபுசா மறைந்தார். அவருடைய மகன் மூன்றாம் இம்சுவாத்தி 1986இல், பதினெட்டு வயதில் முடிசூடினார். 2005இல் புதிய அரசியலமைப்புச் சட்டம் ஒன்று ஏற்கப்பட்டது. இருப்பினும், வேட்பாளர்கள் கட்சியின் பெயரில் இன்றும் தேர்தலில் நிற்க இயலாது. பிரதமரை நியமிப்பவரும் மன்னரே. சோபுசா பிறந்த ஜூலை 22ஆம் நாள் அங்குப் பொது விடுமுறை. மக்களாட்சி கோருவோர் தெருவில் திரண்ட நாளாகவும் ஏப்ரல் 12 அந்நாட்டு வரலாற்றில் இடம்பெற்றுள்ளது.