போனுக்குள் நல்ல கேம் எங்கே இருக்கிறது?

தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தபோது அக்கா மகன் தன் போனைக் கையில் கொடுத்து, “மாமா, ஆட் வராத நல்ல கேம் ஏதாவது போட்டுக் குடுங்க” என்றான். பாலிடெக்னிக்கில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். திரையில் 8 கேம்கள் இருந்தன. ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். இரண்டில் ஆட்டம் தொடங்கும் முன்பே அரை நிமிட விளம்பரம். இன்னொன்றில் பரிசுப் பெட்டி, தள்ளுபடி, மறுபடி பரிசுப் பெட்டி என்று பலகைகள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன. “நல்லதாப் பாத்துதான் மாமா எடுத்தேன். எல்லாமே கோடிப் பேர் டவுன்லோட் பண்ணது” என்றான். சற்று நேரம் கழித்துக் குரலைத் தாழ்த்தி இன்னொன்றும் கேட்டான்: “நானே ஒண்ணு செய்ய முடியுமா?”

இரண்டு கேள்விக்கும் தடை ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றியது. ஆடத் தேடுபவரும் செய்ய நினைப்பவரும் கடையின் முகப்பை மட்டும் பார்த்துவிட்டு, கடை முழுக்க அப்படித்தான் என்று முடிவு செய்துவிடுகிறார்கள். உள்ளே போனால் சரக்கு வேறு. அவனும் அவன் நண்பர்களும் அன்று திண்ணையில் சொன்ன நம்பிக்கைகளை அவர்கள் வாய்மொழியிலேயே எடுத்துக்கொள்கிறேன்.

“டவுன்லோட் அதிகம், ஸ்டார் அதிகம், அப்ப நல்ல கேம்தானே?”

டவுன்லோட் எண்ணிக்கை எத்தனை பேர் வாசலைத் தாண்டினார்கள் என்று சொல்லும். மறுநாளும் திறந்தவர்கள் எத்தனை பேர் என்பதை அது சொல்லாது. வாசலைத் தாண்ட வைப்பது தனித் தொழில். இலவச கேம் நடத்தும் பெரிய நிறுவனங்கள் ஒரு புது ஆளைக் கொண்டுவர விளம்பரத்துக்கு எவ்வளவு ஆகிறது, அந்த ஆளிடமிருந்து சராசரியாக எவ்வளவு திரும்புகிறது என்று தினமும் கணக்குப் பார்க்கின்றன. திரும்புவது கூடுதலாக இருக்கும்வரை விளம்பரத்தில் பணத்தைக் கொட்டிக்கொண்டே இருக்கலாம். தரவரிசையின் மேல்படிகளில் பல இப்படித்தான் நிரம்புகின்றன.

அந்த விளம்பரங்களாவது உண்மையைக் காட்டுமா? ஊசியை இழுத்தால் தண்ணீர் பாய்ந்து நெருப்பு அணையும், மாட்டிக்கொண்டவர் தப்பிப்பார் என்று ஒரு புதிர் ஓடுமே, பார்த்திருப்பீர்கள். ‘ஹோம்ஸ்கேப்ஸ்’, ‘கார்டன்ஸ்கேப்ஸ்’ என்ற இரண்டு கேம்களுக்கு அப்படி வந்த விளம்பரங்களை 2020 செப்டம்பரில் பிரிட்டனின் விளம்பரத் தர ஆணையம் தடை செய்தது. உள்ளே போனால் பெரும்பகுதி, ஒரே மாதிரித் துண்டுகளை மூன்று மூன்றாகச் சேர்க்கும் ஆட்டம். அந்தப் புதிரும் சில கட்டங்களில் வருகிறதே என்று தயாரித்த நிறுவனம் வாதாடியது, ஆணையம் ஏற்கவில்லை.

அப்படியானால் எதைப் பார்த்து எடுப்பது? இயக்குநர் பெயரைப் பார்த்துப் படத்துக்குப் போகிறோம். கேமுக்கும் அதையே செய்யலாம். ஸ்டோரில் கேமின் பெயருக்குக் கீழே செய்தவர்களின் பெயர் இருக்கும். அதைத் தொட்டால் அவர்கள் செய்த மற்றவை வரிசையாக வரும். நியூசிலாந்தின் ‘டைனோசர் போலோ கிளப்’ என்ற சிறு குழு செய்த ‘மினி மெட்ரோ’வை, கோடுகளை இழுத்து ரயில் பாதை போடும் அந்த எளிய ஆட்டத்தை, நான் இப்படித் தேடித்தான் கண்டேன். ரேட்டிங் பார்த்தே தீருவேன் என்பவர்கள் 3 ஸ்டார் கொடுத்தவர்களின் கருத்துகளைப் படியுங்கள். எது பிடித்தது, எங்கே சலித்தது என்று சொல்பவர்கள் அங்கேதான் அதிகம்.

“ஓசியிலேயே கிடைக்குது, காசு எதுக்கு?”

2014 ஏப்ரலில் லண்டனின் ‘அஸ் டூ’ ஸ்டூடியோ ‘மான்யுமென்ட் வேலி’யை வெளியிட்டது. கண்ணை ஏமாற்றும் கோபுரங்கள் வழியாக ஒரு சிறு இளவரசியை நடத்திச் செல்லும் புதிர். சில மணி நேரத்தில் முடிந்துவிடும், விளம்பரம் கிடையாது, ஒரே விலை. அடுத்த ஜனவரியில் அவர்கள் வெளியிட்ட கணக்கு இது: ஆண்ட்ராய்டில் அந்த கேம் நிறுவப்பட்ட போன்களில் 5 சதவீதத்தில்தான் பணம் கட்டி எடுத்திருந்தார்கள், ஐபோன் பக்கம் 40 சதவீதம். மீதி எல்லாம் திருட்டு என்று சொல்ல முடியாது, ஒருவரே வாங்கி இரண்டு மூன்று கருவிகளில் போட்டிருப்பார் என்பதையும் அவர்களே சொன்னார்கள். ஆனாலும் இந்த இடைவெளியைப் பார்த்தால், ஆண்ட்ராய்டில் ஏன் எல்லாம் இலவசமாகவும் விளம்பரமாகவும் போனது என்பது விளங்கும். நாம் 200 ரூபாய் கொடுக்காமல் மிச்சம் பிடித்தோம். அந்த 200 ரூபாயை நம் நேரத்திலிருந்து எடுக்கும் கேம்கள் அந்த இடத்துக்கு வந்தன. இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம்.

இலவசம் எல்லாமே கெட்டது என்றும் நினைக்க வேண்டாம். சதுரங்கம் ஆட ‘லிச்செஸ்’ இருக்கிறது: பிரான்ஸில் பதிவான, லாப நோக்கமற்ற அமைப்பு, நன்கொடையில் ஓடுகிறது, ஒரு விளம்பரம்கூட வராது. சைமன் டாதம் என்ற பிரிட்டிஷ் நிரலாளர் எழுதிய சிறு புதிர்களின் தொகுப்பு ஆண்ட்ராய்டில் கிடைக்கிறது. இணையமே இல்லாத ரயில் பயணத்துக்கு அதுபோல் வேறில்லை. ‘பிக்சல் டஞ்சன்’ என்ற கேமின் மூல நிரலை அதன் ஆசிரியர் பொதுவில் கொடுத்தார். அதிலிருந்து 2014-ல் கிளைத்த ‘ஷாட்டர்ட் பிக்சல் டஞ்சன்’ இன்றும் வளர்ந்துகொண்டே இருக்கிறது. ஆண்ட்ராய்டில் அதற்குக் கட்டணமோ விளம்பரமோ இல்லை; விருப்பமிருந்தால் நன்கொடை கொடுக்கலாம்.

பிரித்தறிய ஒரு வழி உண்டு. பிளே ஸ்டோரில் ‘இந்த ஆப்ஸ் பற்றி’ பகுதியைத் திறந்து அடிவரை இறங்குங்கள். ஆப்புக்குள் வாங்கும் பொருட்களின் விலை எங்கிருந்து எங்குவரை என்று ஒரு வரி இருக்கும். ஒரே விலை, அதுவும் சில நூறு ரூபாய்க்குள் என்றால், பெரும்பாலும் அது முழு ஆட்டத்தையும் திறக்கும் சாவி அல்லது விளம்பரத்தை நீக்கும் கட்டணம். மேல் எண் பல ஆயிரத்தில் நின்றால் உள்ளே நாணயக் கடை நடக்கிறது என்று பொருள். ஆப் ஸ்டோரில் இன்னும் தெளிவு: பொருட்களின் பெயரும் விலையும் பட்டியலாகவே இருக்கும். அக்கா மகனின் 8 கேம்களை இந்த ஒரு வரியை வைத்தே பிரித்தோம். இரண்டுதான் மிஞ்சின.

“போன் கேம்னா சும்மா டைம்பாஸ்”

1997-ல் நோக்கியா 6110-ல் டனேலி அர்மான்டோ எழுதிய ‘ஸ்னேக்’ வந்ததிலிருந்து இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். 2024 டிசம்பரில் ‘தி கேம் அவார்ட்ஸ்’ விழாவில் சிறந்த சுயாதீன கேம், சிறந்த மொபைல் கேம் இரண்டு விருதுகளையும் ‘பலாட்ரோ’ என்ற ஒரே கேம் வாங்கியது. சீட்டுக்கட்டை வைத்துப் பின்னிய அதைச் செய்தவர் கனடாவில் இருக்கும் ஒரு தனி மனிதர். தன் பெயரைக்கூட வெளியிடவில்லை. கம்ப்யூட்டரில் எவ்வளவு ஆழமோ போனிலும் அதே ஆழம். விலையும் ஒரே தடவைதான்.

“ஒரு கேம் ஹிட்டானா போதும், ஒரே ராத்திரியில செட்டில்”

செய்ய நினைக்கும் பிள்ளைகளை அதிகம் கெடுப்பது இந்த நம்பிக்கைதான். இதற்கு அவர்கள் காட்டும் சாட்சி ‘ஃபிளாப்பி பேர்ட்’. வியட்நாமின் ஹனோயில் இருந்த டொங் நுயென் சில நாட்களில் செய்தது. விளம்பரத்தில் நாளுக்கு 50,000 டாலர் வருகிறது என்று அவரே சொன்னார். இதுவரை சரி. ஆனால் அது வெளிவந்தது 2013 மே மாதம். உலகம் கவனித்தது 2014 ஜனவரியில். நடுவில் பல மாதங்கள் அதைக் கேட்பாரில்லை. கவனித்த பிறகும் அவரால் நிம்மதியாக இருக்க முடியவில்லை. ஆடுபவர்கள் அளவுக்கு மீறி அதில் அடிமையாவது தன்னை உறுத்துகிறது என்று சொல்லி, 2014 பிப்ரவரியில் அதை ஸ்டோரிலிருந்து தானே எடுத்துவிட்டார்.

அடுத்த சாட்சி ‘ஆங்கிரி பேர்ட்ஸ்’. பின்லாந்தின் ரோவியோ நிறுவனம் 2003-ல் தொடங்கியது. ‘ஆங்கிரி பேர்ட்ஸ்’ வந்தது 2009 டிசம்பரில். அது அவர்களின் 52-வது கேம். முந்தைய 51-ம் செய்து, நிறுவனம் திவாலாகும் நிலைக்குப் போய், அதன் பிறகு வந்தது.

இந்த இரண்டைவிட எனக்கு முக்கியமாகப் படுவது ‘த்ரீஸ்’. எண் கட்டங்களை நகர்த்திச் சேர்க்கும் அந்தச் சின்ன ஆட்டத்தைச் செதுக்க ஒரு சிறு குழு 14 மாதம் எடுத்துக்கொண்டது. 2014 பிப்ரவரியில் விலை வைத்து வெளியிட்டார்கள். சில வாரங்களிலேயே நகல்கள் வந்தன. நகலைப் பார்த்து இத்தாலியில் 19 வயது இளைஞர் ஒருவர் ஒரு வார இறுதியில் எழுதி இலவசமாக விட்ட ‘2048’ உலகமெங்கும் பரவியது. ‘த்ரீஸ்’ அதன் நகலோ என்று கேட்கும் நிலைகூட வந்தது. அப்போது அதைச் செய்தவர்கள் 14 மாத மின்னஞ்சல்களை அப்படியே பொதுவில் வைத்தார்கள். எத்தனை வடிவங்களைச் செய்து பார்த்து வீசினார்கள் என்று அதில் தெரிகிறது. செய்ய நினைப்பவர்கள் எந்த வகுப்புக்கும் போகும் முன் அதைப் படிக்க வேண்டும். ஒரு ஆட்டம் எளிமையாகத் தெரிவதற்கு எவ்வளவு உழைப்பு என்பதும், எளிமையானதை எவ்வளவு சீக்கிரம் நகலெடுக்கலாம் என்பதும் ஒரே இடத்தில் விளங்கும்.

“பெரிய கம்ப்யூட்டர் வேணும், லட்ச ரூபா கோர்ஸ் சேரணும்”

கோடோ என்ற கேம் எஞ்சின் முழுக்க இலவசம். அர்ஜென்டினாவில் பிறந்தது, 2014-லிருந்து திறந்த மூல நிரல், நீங்கள் எவ்வளவு சம்பாதித்தாலும் பங்கு கேட்காது. அதன் எடிட்டரை ஆண்ட்ராய்டு போனிலேயே நிறுவிக்கூடப் பழகலாம். ‘பலாட்ரோ’வும் ‘லவ்’ என்ற இலவசக் கருவியில், லுவா மொழியில் எழுதப்பட்டதுதான்.

செலவு வேறு இடத்தில் இருக்கிறது. கூகுள் பிளேயில் கணக்குத் தொடங்க ஒரே தடவை 25 டாலர். ஆப்பிளில் ஆண்டுதோறும் 99 டாலர், அதோடு ஒரு மேக் கம்ப்யூட்டரும் தேவைப்படும். 2023 நவம்பருக்குப் பிறகு தொடங்கிய தனிநபர் கூகுள் கணக்கு என்றால், குறைந்தது 12 பேர் தொடர்ந்து 14 நாள் உங்கள் கேமின் சோதனையில் சேர்ந்திருந்தால்தான் பொதுவில் வெளியிட விண்ணப்பிக்கலாம். முதலில் 20 பேர் என்று இருந்தது. 2024 டிசம்பரில் குறைத்தார்கள். பலர் கேமை முடித்த பிறகுதான் இந்த விதியைக் கண்டுபிடித்து இடிந்து போகிறார்கள். அந்த 12 பேரை முதல் நாளிலிருந்தே சேர்க்கத் தொடங்குங்கள். வகுப்பு நண்பர்கள் போதும்.

சோதிக்க வேண்டியது விலையுயர்ந்த போனிலும் அல்ல. நொடிக்கு 60 படம் ஓட வேண்டுமானால் ஒவ்வொரு படத்துக்கும் கிடைப்பது 16 மில்லி விநாடிக்குச் சற்று மேல். பெரும்பாலான போன்களுக்கு மின்விசிறி கிடையாது. சூடேறினால் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். முதல் 5 நிமிடம் வழுக்கிக்கொண்டு ஓடும் கேம் 20-வது நிமிடத்தில் திக்குவது இதனால்தான். வீட்டில் இருப்பதிலேயே மலிவான, பழைய போனை எடுத்து அரை மணி நேரம் விடாமல் ஆடிப் பாருங்கள்.

“ஒரு தடவை போட்டுட்டா வேலை முடிஞ்சது”

2017 செப்டம்பரில் வந்த ஐஓஎஸ் 11, பழைய 32-பிட் ஆப்களை ஓட்டுவதை நிறுத்தியது. புதுப்பிக்க ஆளில்லாத கேம்கள் ஏராளமாக ஒரே நாளில் திறக்காமல் போயின. கூகுளும் ஆண்டுதோறும் புதிய ஆண்ட்ராய்டுக்கு ஏற்ப மாற்றச் சொல்கிறது. மாற்றாத பழைய ஆப் புதிய போன்களில் தேடினால் வராது. ஆண்டுக்குச் சில நாட்களாவது இந்த வேலைக்கு ஒதுக்க முடியுமா என்று முதலிலேயே யோசித்துக்கொள்வது நல்லது.

“தமிழ்ல போட்டா எழுத்து உடையும், இங்கிலீஷ்லயே விட்டுடு”

அக்கா மகன் ஆடுபுலி ஆட்டத்தைச் செய்ய முடிவெடுத்தான். 3 புலி, 15 ஆடு, 23 புள்ளிகள். அம்மாச்சியிடம் தரையில் கோடு போட்டுக் கற்றது. முதல் வாரமே திரையில் தலைப்பு சிதைந்து வந்தது. ‘டு’, ‘பு’ இரண்டிலும் உகரக் குறி தனியே பிரிந்து நின்றது. ‘வெட்டு’ என்று எழுதினால் கொம்பு ‘வ’வுக்கு வலப்பக்கம் போய் உட்கார்ந்தது. நண்பர்கள் மேலே சொன்ன யோசனையைச் சொன்னார்கள்.

குறை தமிழில் இல்லை. யூனிகோடு ‘வெ’யை உச்சரிப்பு வரிசையில் சேமிக்கிறது: முதலில் ‘வ’, பிறகு ஒற்றைக் கொம்பு. காட்டும்போது கொம்பை முன்னால் நகர்த்துவது எழுத்தைக் கோக்கும் நிரலின் வேலை. ‘கொ’வுக்கு ஒரு குறியையே இரண்டாகப் பிளந்து இரு பக்கமும் வைக்க வேண்டும். போனின் மற்ற ஆப்களும் பிரவுசரும் இதைச் சரியாகவே செய்கின்றன. சில கேம் எஞ்சின்கள் எழுத்துகளைத் தாமே வரைவதால் இந்தப் படியைத் தவறவிட்டன. பழைய பாமினி வகை எழுத்துருவுக்கு மாற்றி ஒப்பேற்றுபவர்கள் உண்டு. கண்ணுக்குச் சரியாகத் தெரியும், ஆனால் உள்ளே இருப்பது தமிழாக இருக்காது, பார்வையற்றோருக்குப் படித்துக்காட்டும் மென்பொருளால் அதைப் படிக்க முடியாது. 2023 மார்ச்சில் வந்த கோடோ 4, ‘ஹார்ஃப்பஸ்’ என்ற, எழுத்தைக் கோக்கும் நிரலைத் தன்னுள் சேர்த்துக்கொண்டதிலிருந்து இந்த வேலையைச் சரியாகச் செய்கிறது. அவன் வைத்திருந்தது யாரோ பென் டிரைவில் கொடுத்த கோடோ 3.

புதியதற்கு மாறினான். பொங்கலுக்கு முன் ஒரு படம் அனுப்பினான்: “புலி ஆட்டை வெட்டியது” என்று கொம்பும் உகரமும் அதனதன் இடத்தில் இருந்தன. ‘மீண்டும் விளையாடு’ என்ற சொற்கள் மட்டும் பொத்தானைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. பொத்தானை ஆங்கிலச் சொல்லுக்கு அளவெடுத்து வரைந்திருந்தான். இப்போது அவனுக்கு வேறொரு சிக்கல். ஆட்டை நகர்த்தும்போது கட்டைவிரல் புள்ளியை மறைத்துவிடுகிறது, காய் பக்கத்துப் புள்ளியில் போய் விழுகிறது, அம்மாச்சி கோபித்துக்கொள்கிறார். தொட்டதும் காயை விரலுக்கு மேலே கொஞ்சம் உயர்த்திக் காட்டிப் பாரடா என்று சொல்லியிருக்கிறேன்.