சென்னையிலிருந்து லண்டன்: தொலைவும் நேரமும்

சென்ற ஜனவரியில் என் அண்ணன் மேற்படிப்புக்காகச் சென்னையிலிருந்து லண்டனுக்கு விமானம் ஏறினார். பயணச்சீட்டில் புறப்பாடு காலை 5.30 என்றும், சேரும் நேரம் முற்பகல் 11.00 என்றும் இருந்தன. “ஐந்தரை மணி நேரப் பயணந்தான் அம்மா, பதினொன்றுக்கெல்லாம் அண்ணன் பேசிவிடுவார்” என்று சொன்னவன் நானே. பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டுத் தறி அன்று பதினொரு மணிக்கு நின்றது. மாலை ஐந்து மணி வரை அழைப்பு வரவில்லை. அம்மா அதுவரை சாப்பிடவும் இல்லை. என் பிழை எங்கே என்று தேடியதன் பயனே இக்கட்டுரை.

பயணச்சீட்டில் உள்ள ஒவ்வொரு நேரமும் அந்தந்த ஊர்க் கடிகாரத்தின் நேரமாகும். நம் நாட்டு நேரம் கிழக்குத் தீர்க்கரேகை 82½ பாகையைக் கொண்டது. லண்டன் நேரம் கிரீன்விச்சின் 0 பாகையைக் கொண்டது. 15 பாகைக்கு ஒரு மணி என்றால் வேற்றுமை 5½ மணி. ஆக, உண்மையான பயணம் 11 மணி நேரம். அண்ணன் இறங்கியபோது நமக்கு மாலை 4.30! (கோடையில் அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளுவதால் வேற்றுமை 4½ மணியாகும்.)

அடுத்து, தொலைவு. சுவர்ப்படத்தில் அளவுகோலை வைத்தால் கோடு அரபிக்கடலையும் பாரசீக வளைகுடாவையும் கடக்கிறது. உருண்டையான பூமிக்கு அது குறுக்கு வழி அன்று. தெருவில் பாவு நீட்டுவதைப் பார்த்து வளர்ந்தவனாதலால், 30 செ.மீ. விட்டமுள்ள பூகோள உருண்டையில் ஒரு பட்டு இழையை இரு நகரங்களுக்கும் இடையே இழுத்துப் பிடித்தேன். இழுத்த நூல் தானே குறுகிய வழியில் போய் நிற்கிறது! அது வடக்கே வளைந்து, பாகிஸ்தான், ஈரான் வழியாகச் சென்றது. அதன் நடுப்புள்ளி காஸ்பியன் கடலில் விழுந்தது. இதையே பெருவட்டப் பாதை என்பர். இழையின் நீளம் 19.4 செ.மீ.; ஒரு செ.மீ.க்குச் சுமார் 425 கி.மீ. வீதம் 8,245 கி.மீ. கோள முக்கோணவியல் தரும் விடை ஏறக்குறைய 8,230. பட்டு இழைக்கு இது போதாதா?

மணிக்கு 900 கி.மீ. வேகத்தில் இத்தொலைவுக்கு ஒன்பது மணிக்குச் சற்றே கூடுதலாகும். மற்ற நேரம் எங்கே போகிறது? ஓடுதளத்தில் ஊர்வதற்கும் ஏறி இறங்குவதற்கும் கொஞ்சம். வானத்தில் விமானம் நூலின் வழியே போக முடிவதுமில்லை. அந்நூல் உக்ரைன் மீதும் செல்கிறது. 2022 பிப்ரவரி முதல் அந்நாட்டு வான்வெளி பயணிகள் விமானங்களுக்கு மூடப்பட்டுள்ளது. சுற்றித்தான் போக வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே வீசும் பலத்த காற்று போகும்போது எதிர்க்கிறது; திரும்பும்போது அதுவே பின்னின்று தள்ளுகிறது. எனவே திரும்பும் பயணம் சுமார் பத்து மணி நேரமே.

அண்ணன் அடுத்த டிசம்பரில் வருகிறார். லண்டனில் பகல் 1 மணிக்குப் புறப்பட்டால் நமக்கு மறுநாள் அதிகாலை 4.30க்கு இறங்குவார் என்று தறிக்கு மேலே சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறேன். அம்மா அதன்கீழ், “சென்னையிலிருந்து காஞ்சிக்கு எத்தனை மணி?” என்று கேட்டு எழுதியிருக்கிறார்.